முகில் கடந்த பார்வை

உயரத்தில் நின்று தான் வாழும் மண்ணை ஒருமுறை முழுமையாகக் கண்டுவிட வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு மிகப் பழையது. மலையுச்சியில் ஏறினான், கோபுரம் எழுப்பினான், பலூனில் பறந்தான், வானூர்தியில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தினான், பின்னர்ச் செயற்கைக்கோளையே விண்ணுக்கு அனுப்பினான். ஆயினும், எத்துணை உயரம் சென்றபோதும் அவனது ஒளிப்படக் கருவியை இரண்டு பகைகள் விடாது தொடர்ந்தன. ஒன்று இரவு, மற்றொன்று முகில். உலகப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் முகிலால் மூடப்பட்டே இருக்கின்றது. நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளிலோ இத்தொல்லை இன்னும் மிகுதி. மழைக்காடு தன் மூச்சாலேயே முகிலை உண்டாக்கித் தன் தலைமேல் போர்த்திக்கொள்ளும் இயல்புடையது. நிலப்படம் தேவைப்படும் இடங்களிலேயே வானம் திரையிட்டு நின்றது.

பனாமா நாட்டின் கிழக்குக் கோடியில் தாரியேன் என்றொரு மாநிலம் உண்டு. அடர்ந்த காடும் ஓயாத மழையும் உடையது. அதனை வானூர்தியிலிருந்து ஒளிப்படம் எடுத்து நிலப்படம் வரைவதற்குப் பல ஆண்டுகள் முயன்றும் முழுமை காண இயலவில்லை. 1967, 1968 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கர் பக்கவாட்டில் நோக்கும் ராடார் ஒன்றை வானூர்தியில் ஏற்றி அம்மாநிலத்தின்மீது பறந்தனர். பல ஆண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த நிலப்பரப்பு சில மணி நேரப் பறப்பில் படமாகியது. மலைமுகடும் ஆற்றுப் படுகையும் கடற்கரையும் தெளிவாகத் தெரிந்தன. இதனைக் கண்ட பிரேசில் நாடு 1971 முதல் அமேசான் காட்டினை இம்முறையிலேயே படமெடுக்கத் தொடங்கியது. ராடாம் எனப் பெயரிய அத்திட்டத்தில், அதுவரை நிலப்படத்தில் சரியாக இடம்பெறாத ஆறுகள் தம் உண்மையான போக்கில் வரையப்பட்டன. வானூர்தியில் இயன்ற இச்செயலை விண்ணிலிருந்து செய்ய இயலுமா என்பதே அடுத்து எழுந்த வினா. அதற்கு விடை கண்ட வரலாறு நேர்கோட்டில் சென்ற ஒன்றன்று. அதன் பெரும்பகுதி படைத்துறையின் பூட்டிய அறைகளுக்குள் நிகழ்ந்தது. அதன் முதற்பெருஞ்சாதனையோ நூற்றைந்து நாட்களில் அணைந்துபோன ஒரு விளக்கு.

ராடாரின் அடிப்படை எளியது. மலைப்பாறையை நோக்கிக் கூவினால் எதிரொலி கேட்கின்றது. எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு பாறையின் தொலைவைக் கணிக்கலாம். வௌவால் இருளில் வழி காண்பது இவ்வாறே. ஒலிக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்பி எதிரலையைப் பெறுவதே ராடார். ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஹூல்ஸ்மையர் 1904 ஆம் ஆண்டிலேயே கொலோன் நகரில், ரைன் ஆற்றில் செல்லும் கப்பலை இவ்வாறு உணர்ந்து காட்டினார். அன்று அதனைப் பொருட்படுத்துவாரில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபிறகே அதன் அருமை தெரிந்தது. 1943 இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் எச்.டூ.எஸ். என்னும் ராடார் பொருத்தப்பட்டது. முகிலுக்குக் கீழே உள்ள நகரத்தையும் கடற்கரையையும் அது மங்கலான ஒளித்திட்டுகளாகக் காட்டியது. நிலத்தை ராடாரால் படமெடுக்கும் கலை, குண்டு எங்கே விழவேண்டும் என்று தேடிய தேவையிலிருந்து பிறந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அப்படம் மங்கலாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அலையின் நீளம் கூடக் கூடப் படத்தின் நுட்பம் குறையும். ராடார் அலையோ கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு நீளமானது. அதனால்தான் அது முகிலின் நுண்துளிகளால் தடைபடாமல் ஊடுருவிச் செல்கின்றது. முகிலைக் கடக்கும் ஆற்றலைத் தந்த அதே நீளம் பார்வையின் கூர்மையைப் பறித்துக்கொண்டது. கூர்மை வேண்டுமாயின் ஆண்டெனாவை அதற்கேற்றவாறு நீட்டவேண்டும். 800 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக்கோளில் 23.5 செண்டிமீட்டர் அலையைக் கொண்டு 25 மீட்டர் அளவுள்ள பொருள்களைப் பிரித்துக் காணவேண்டுமென்றால், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள ஆண்டெனா தேவை. அத்தகைய ஒன்றை விண்ணுக்கு எவர் கொண்டு செல்வது?

இம்முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குட்இயர் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் வைலி என்னும் கணித வல்லுநர். 1951 ஜூன் மாதம் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தண்டவாளத்தருகே நிற்பவனுக்கு, நெருங்கிவரும் தொடர்வண்டியின் ஊதல் உச்சமாகவும் கடந்து செல்லும் வண்டியின் ஊதல் தாழ்ந்தும் கேட்கும். டாப்ளர் விளைவு என்று பள்ளி மாணவரும் படிப்பது இதுவே. பறக்கும் ராடாருக்கு முன்னால் உள்ள பொருளிலிருந்து வரும் எதிரலையின் அதிர்வெண் சற்றே கூடியிருக்கும். பின்னால் உள்ளதிலிருந்து வருவது சற்றே குறைந்திருக்கும். அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கணக்கிட்டால், ஒரே கற்றைக்குள் கலந்துவரும் எதிரலைகளையும் தனித்தனியே பிரித்து அவற்றிற்குரிய இடத்தில் அமர்த்திவிடலாம் என வைலி கண்டார். வேறொரு வகையாகவும் இதனை விளக்கலாம். சிறிய ஆண்டெனா ஒன்று தன் பாதையில் நகர்ந்துகொண்டே, இடத்திற்கு இடம் நின்று எதிரலைகளைச் சேகரிக்கின்றது. அவை அனைத்தையும் பின்னர் ஒருங்கே கூட்டினால், பாதை முழுவதும் நீண்டு கிடக்கும் ஒரே பேராண்டெனா பெற்ற பயன் கிட்டுகின்றது. இல்லாத நீளத்தை ஓட்டத்தால் உண்டாக்கிக்கொள்வதே இதன் சூழ்ச்சி.

இதற்குச் செயற்கைத் துளை ராடார் என்று பின்னாளில் பெயர் வழங்கலாயிற்று. துளை என்னும் சொல்லை ஓட்டை எனக் கொள்ளுதல் பிழை. ஒளிப்படக் கருவியின் வில்லையில் ஒளி புகும் வாயிலுக்கு உரிய சொல்லே இங்கே அலை புகும் வாயிலுக்கு ஆகிவந்துள்ளது. செயற்கை வாயில் என்றிருந்தால் மாணவர்க்குப் பொருள் எளிதாக விளங்கியிருக்கும். ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லை மாற்றுதல் அரிது.

வைலியைப் பற்றிய சுவையான செய்தி ஒன்று. அதே 1951 ஆம் ஆண்டில், சூரிய ஒளியின் அழுத்தத்தால் பாய்விரித்துச் செல்லும் விண்கப்பல்களைப் பற்றி அறிவியல் புனைகதை இதழ் ஒன்றில் ரஸ்ஸல் சாண்டர்ஸ் என்னும் புனைபெயரில் அவர் கட்டுரை எழுதினார். உண்மைப் பெயரில் எழுதினால் உடன் பணிபுரிவோர் எள்ளுவர் என்று அஞ்சினார் போலும். அவரது ராடார்க் கண்டுபிடிப்புக்கோ புகழ் கிட்டப் பல்லாண்டுகள் ஆயின. 1954 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1965 இல்தான் வழங்கப்பெற்றது.

கருத்துப் பிறந்துவிட்டது, ஆனால் கணக்குப் போடுவது யார்? ஒரே ஒரு படத்திற்குக்கூடக் கோடிக்கணக்கான பெருக்கலும் கூட்டலும் தேவை. 1950களின் கணிப்பொறிகளுக்கு அந்த வலு இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்லோ ரன் ஆய்வுக்கூடத்தில் எம்மெட் லீத் என்பாரும் அவர்தம் தோழரும் அழகியதொரு மாற்றுவழி கண்டனர். எதிரலைகளைப் படச்சுருளில் ஒளிக்கோடுகளாகப் பதிந்தனர். வெறுங்கண்ணால் பார்த்தால் அச்சுருளில் பொருளற்ற கீற்றுகளே தெரியும். அதனூடே ஒளியைச் செலுத்தி, தக்க வில்லைகளின் வழியே குவித்தால், மறுமுனையில் ஊரும் ஆறும் வயலும் உருப்பெற்று நின்றன. கணிப்பொறி செய்யவேண்டிய கணக்கை ஒளியே தன் இயல்பால் செய்து முடித்தது. 1957 இல் அக்குழுவினர் வானூர்தியிலிருந்து எடுத்த தெளிவான படங்களைப் பெற்றனர். இப்பணியே லீத்தை ஹோலோகிராபி என்னும் முப்பரிமாணப் பட முறைக்கும் இட்டுச் சென்றது.

இனி விண்வெளிக்கு வருவோம். நெடுங்காலம் நூல்கள் அனைத்தும் விண்ணில் சென்ற முதல் படம்பிடிக்கும் ராடார் 1978 ஆம் ஆண்டுக்குரியது என்றே எழுதிவந்தன. அது பிழை என்பது 2012 இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. 1964 டிசம்பர் 21 அன்றே குவில் என்னும் மறைபெயர் கொண்ட செயற்கைக்கோளை அமெரிக்க உளவுத்துறையினர் கலிபோர்னியாவிலிருந்து ஏவியிருந்தனர். அது எடுத்த ராடார்ப் பதிவுகள் படச்சுருளாகக் கூடு ஒன்றில் வைத்துப் புவிக்கு இறக்கப்பட்டன. சில நாட்களே நீடித்த அம்முயற்சி வெற்றியே பெற்றது. ஆயினும் உளவுக்கு வேண்டிய நுட்பம் அதில் இல்லை. பிறநாட்டின்மீது ராடார் அலையைப் பாய்ச்சினால் அந்நாடு கண்டுகொள்ளும் என்னும் அச்சமும் இருந்தது. எனவே அமெரிக்க மண்ணையே படமெடுத்துப் பார்த்துவிட்டுத் திட்டத்தை மூடினர். நாற்பத்தெட்டு ஆண்டுகள் அது மறைபொருளாய்க் கிடந்தது. பழைய பாடநூல்களில் இவ்வரலாற்றைப் படிப்போர், முதலாவது என்னும் சொல்லுக்கு முன்னே பொதுமக்களுக்குரிய என்ற அடைமொழியைச் சேர்த்துப் படிப்பதே முறையாகும்.

அவ்வகையில் முதலாவதாக நின்றது சீசாட். கடலை ஆராய்வதற்கென்றே நாசா உருவாக்கிய அச்செயற்கைக்கோள் 1978 ஜூன் 27 அன்று விண்ணை அடைந்தது. 800 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு 14 முறை புவியைச் சுற்றியது. கடல்மட்டத்தின் உயரத்தை அளக்கவும், காற்றின் வேகத்தை உணரவும், நீரின் வெப்பத்தை அறியவும் ஐந்து கருவிகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று 10.74 மீட்டர் நீளமும் 2.16 மீட்டர் அகலமும் கொண்ட ஆண்டெனாவோடு கூடிய செயற்கைத் துளை ராடார். 100 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையை 25 மீட்டர் நுட்பத்தில் அது படமாக்கியது.

அப்படங்களைக் கண்ட கடலியலார் வியப்பில் ஆழ்ந்தனர். கடலின் மேற்பரப்பில் சிற்றலைகளின் கரடுமுரடே ராடாருக்குப் புலனாவது. காற்றில்லாத இடம் கருமையாகவும், சிற்றலை எழுந்த இடம் வெண்மையாகவும் பதியும். எண்ணெய் படர்ந்த நீர் சிற்றலை அடங்கிக் கருந்திட்டாய்த் தோன்றும். இம்மட்டே எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இன்னொன்றும் கிட்டியது. ஆழத்தில் குளிர்நீரும் மேலே வெந்நீரும் சந்திக்கும் எல்லையில், கண்ணுக்குத் தெரியாமல் பல கிலோமீட்டர் இடைவெளியோடு உருண்டு செல்லும் உள்ளலைகள் மேற்பரப்பின் சிற்றலைகளைக் கலைத்து, வரிவரியாகப் படத்தில் தம் வடிவை எழுதியிருந்தன. ஆழம் குறைந்த கடலில் அடித்தரை மணல்மேடுகளின் சாயலும் தெரிந்தது. ராடார் நீருக்குள் புகுவதில்லை. மேட்டின்மீது விரைந்தோடும் நீரோட்டம் மேற்பரப்பை மாற்றுவதாலேயே அச்சாயல் எழுந்தது.

இவ்வளவும் கண்ட சீசாட்டுக்கு ஒரு குறை இருந்தது. அதன் ராடார் பொழிந்த செய்திப் பெருக்கைத் தன்னுள் பதிந்து வைத்துக்கொள்ளும் கருவி அக்காலத்தில் இல்லை. தரைநிலையம் ஒன்றின் பார்வையில் இருக்கும்போது மட்டுமே அது படமெடுத்து அப்போதைக்கப்போதே கீழே அனுப்ப இயலும். அத்தகைய நிலையங்கள் ஐந்தே இருந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா, அலாஸ்கா, புளோரிடா ஆகிய மூன்று இடங்கள், கனடாவின் நியூபவுண்ட்லாந்து, இங்கிலாந்தின் ஓக்ஹேங்கர். எனவே முகில் குறைந்த பாலைநிலமான கலிபோர்னியா பன்முறை படமாயிற்று; முகிலால் மூடுண்ட தென்கிழக்காசிய மழைக்காடுகளின்மீதும் மலாக்கா நீரிணையின்மீதும் அதன் ராடார் கண்மூடியே கடந்து சென்றது. முகிலை வெல்லும் கருவி முகில் மிகுந்த நாட்டுக்கு முதலில் பயன்படவில்லை. கருவி யாரிடம் உள்ளது என்பதைப் போலவே தரைநிலையம் எங்கே உள்ளது என்பதும் முதன்மையானது என்பதை இது உணர்த்தும்.

1978 அக்டோபர் 10 அன்று சீசாட்டின் மின்சாரம் திடீரென அடங்கியது. சூரியத் தகடுகள் கதிரவனை நோக்கித் திரும்பியவாறே இருக்கவேண்டும். செயற்கைக்கோளின் உடலோ புவியை நோக்கியே நிற்கவேண்டும். சுழலும் தகட்டிலிருந்து சுழலாத உடலுக்கு மின்சாரத்தைக் கொண்டுவர வளையங்களும் அவற்றை உராய்ந்து நிற்கும் தொடுகைகளும் கொண்ட ஓர் இணைப்பு உண்டு. அவ்விணைப்பினுள் குறுக்குச்சுற்று நேர்ந்து, மின்கலங்கள் வற்றி, செயற்கைக்கோள் ஊமையாயிற்று. அதன் வாழ்நாள் 105 நாட்கள். அதன் ராடார் படமெடுத்த நேரம் மொத்தம் 42 மணி.

இத்திடீர் முடிவைப் பற்றி வதந்தி ஒன்று எழுந்தது. நீருள் மூழ்கிச் செல்லும் நீர்மூழ்கிக் கப்பல்களின் தடத்தையும் சீசாட் கண்டுபிடித்துவிட்டதாகவும், படைத்துறையே அதனை வேண்டுமென்று அணைத்துவிட்டதாகவும் பலர் பேசினர். கதை சுவையானதே, ஆனால் சான்றில்லாதது. நாசா அமைத்த ஆய்வுக்குழு கண்ட உண்மையோ வதந்தியைவிடப் படிப்பினை மிக்கது. சீசாட்டின் உடலாக அமைந்தது அஜீனா என்னும் பலகாலம் பறந்து பழகிய விண்கலப் பகுதி. பழகிய கலம், ஏற்கெனவே சோதிக்கப்பட்ட கலம் என்னும் நம்பிக்கை பொறியாளர் அனைவரையும் ஆட்கொண்டிருந்தது. சீசாட்டுக்கெனப் பொருத்தப்பட்ட அந்த இணைப்பு முந்தையவற்றைப் போன்றதன்று. அத்தகைய இணைப்புகளில் கோளாறு நேர்ந்த செய்தியும் முன்பே உண்டு. ஆயினும் பழகியது என்னும் ஒரு சொல், அதனை நுணுகி ஆராயவேண்டும் என்னும் எண்ணத்தையே தடுத்துவிட்டது. பகையால் மாண்டது என்பதைவிட, சோதித்தது என்று எண்ணிச் சோதிக்காமல் விட்டதால் மாண்டது என்பதே பொருந்தும்.

செயற்கைக்கோள் ஊமையான மறுமாதமே இன்னொரு வாயில் திறந்தது. கனடாவின் மெக்டொனால்ட் டெட்வைலர் நிறுவனப் பொறியாளர், 1978 நவம்பரில் சீசாட்டின் பதிவொன்றை வில்லையும் படச்சுருளும் இன்றிக் கணிப்பொறியால் மட்டுமே படமாக்கிக் காட்டினர். ஒரு படத்தை உருவாக்கப் பல மணி நேரம் பிடித்தது. எனினும் அது விண்வெளி ராடாரிலிருந்து எண்முறையில் பிறந்த முதற்படம். இன்றைய முறைகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. சீசாட்டின் எஞ்சிய பதிவுகளோ நாடாக்களில் பல்லாண்டுகள் உறங்கின. சிறுபகுதியே எண்முறைப் படமாகியிருந்தது. நாடா பழுதாகி அழிந்துபோகும் முன்னே அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் அவற்றை மீட்டெடுத்து, 2013 ஆம் ஆண்டில், சீசாட் ஏவப்பட்டு முப்பத்தைந்தாண்டு நிறைந்தபோது, உலகோர் அனைவரும் காணுமாறு வெளியிட்டனர்.

சீசாட்டுக்கென ஆக்கிவைத்திருந்த மாற்று உறுப்புகள் வீண்போகவில்லை. அவற்றைக் கொண்டு அமைத்த ராடார் ஒன்று 1981 நவம்பர் 12 அன்று கொலம்பியா விண்ணோடத்தின் இரண்டாம் பயணத்தில் ஏறிச் சென்றது. லெபனான் நாட்டில் பிறந்த சார்லஸ் எலாச்சி அதன் தலைமை ஆய்வாளர். ஓடத்தின் எரிபொருட்கலம் ஒன்று பழுதுபட்டமையால் ஐந்து நாள் பயணம் இரண்டு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட அளவில் முடிக்கப்பட்டது. ராடார் இயங்கியது எட்டு மணி நேரமே. அந்த எட்டு மணி நேரத்தில் கிடைத்த படங்களுள் எகிப்துக்கும் சூடானுக்கும் இடையிலுள்ள செலிமா மணற்பரப்பின் படமும் இருந்தது.

அங்கே தரையில் நிற்பவனுக்குக் கண்ணுக்கெட்டிய தொலைவு தட்டையான மணலே தெரியும். மழை என்பது பல்லாண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடிய அதிசயம். ராடார்ப் படத்திலோ கிளைகளோடு கூடிய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் விரிந்து கிடந்தன. அவற்றுட் சில நைல் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு நிகரான அகலமுடையவை. காரணம் இதுவே. நீர்ப்பசை சிறிதும் அற்ற மணல், நீண்ட ராடார் அலையைத் தடுப்பதில்லை. அலை ஓரிரு மீட்டர் ஆழம் மணலுள் இறங்கி, அடியில் கிடக்கும் பாறையிலும் பழைய ஆற்றுப் பரலிலும் பட்டுத் திரும்பியது. இவ்விளக்கம் முதலில் ஊகமே. அடுத்த ஆண்டு நிலவியலார் அப்பாலைக்கே சென்று குழி தோண்டிப் பார்த்தனர். மணலுக்கடியில் ஆற்றுப் படிவுகள் இருந்தன. அவற்றின் கரைகளில் கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரிகளும் கிடைத்தன. இன்று ஒரு புல்லும் முளைக்காத அவ்விடத்தில் ஒருகாலத்தில் ஆறு ஓடியது. ஆற்றங்கரையில் மக்கள் வாழ்ந்தனர். மேலும் மழைவளம் மிக்க நாடுகளில் இவ்வித்தை பலிக்காது என்பதையும் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டும். ஈரமண் ராடார் அலையை மேற்பரப்பிலேயே தடுத்துவிடும்.

எலாச்சியின் குழுவினர் 1984 இலும் 1994 இலும் மேலும் திறன் வாய்ந்த ராடார்களை விண்ணோடத்தில் அனுப்பினர். 1994 இல் கம்போடியாவின் அங்கோர் நகரத்தைப் படமெடுத்தபோது, கோயில்களைச் சூழ்ந்த அகழிகளும் நீர்த்தேக்கங்களும், காடு மூடிய பழஞ்சாலைகளும் கால்வாய்களும் வெளிப்பட்டன.

இடையே சோவியத் ஒன்றியமும் இத்துறையில் முனைந்திருந்தது. அதன் வெனேரா 15, 16 ஆகிய விண்கலங்கள் 1983 முதல் வெள்ளிக்கோளின் வடபகுதியை ராடாரால் படமெடுத்தன. வெள்ளியை மூடியுள்ள முகில் ஒரு கணமும் விலகுவதில்லை. ராடார் இன்றி அதன் முகத்தை விண்ணிலிருந்து தெளிவாகக் காண்பது அரிது. பின்னர் அமெரிக்காவின் மெகல்லன் கலம் 1990 தொடங்கி 1994 வரை அக்கோளின் பரப்பில் 98 விழுக்காட்டைப் படமாக்கிற்று.

ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி 1991 ஜூலை 17 அன்று ஏவிய ஈ.ஆர்.எஸ்.-1 இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம். அது படமெடுப்பதற்காக அனுப்பப்பட்டது. ஆனால் அளவுகோலாக மாறிப் புகழ்பெற்றது. ராடார் எதிரலையின் வலிமையை மட்டுமன்றி, அலையின் ஏற்ற இறக்கத்தில் அது எந்நிலையில் வந்து சேர்ந்தது என்பதையும் பதிந்துகொள்கின்றது. ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இருமுறை படமெடுத்து, இரண்டு பதிவுகளின் அலைநிலைகளையும் ஒப்பிட்டால், இடைக்காலத்தில் தரை சிறிதளவு நகர்ந்திருப்பினும் வெளிப்பட்டுவிடும். ஈ.ஆர்.எஸ்.-1 இன் அலைநீளம் 5.7 செண்டிமீட்டர். அலை போவதும் வருவதுமாக இருமுறை கடப்பதால், தரை 28 மில்லிமீட்டர் நகர்ந்தால் படத்தில் ஒரு வண்ணவளையம் தோன்றும்.

1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் என்னும் ஊருக்கருகே 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பிரான்சு நாட்டு விண்வெளி மையத்தைச் சேர்ந்த டிடியே மசொனே என்பாரும் அவர் குழுவினரும், நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் ஈ.ஆர்.எஸ்.-1 எடுத்த படங்களை ஒப்பிட்டனர். நிலப்பிளவைச் சூழ்ந்து, குளத்தில் கல்லெறிந்தாற்போல் வளையம் வளையமாக வண்ணக்கோடுகள் எழுந்தன. ஒவ்வொரு வளையமும் தரை 28 மில்லிமீட்டர் இடம்பெயர்ந்ததற்குச் சான்று. 1993 ஜூலையில் நேச்சர் இதழில் அப்படம் வெளிவந்தது. தரையில் அளவைக் கம்பங்களை நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்துவந்த நிலவியலார்க்கு, நிலநடுக்கம் முழுவதும் ஒரே தாளில் வரைந்து காட்டப்பட்டது. அதன்பின் எரிமலை வீங்குவதும், நிலத்தடிநீரை இறைப்பதால் நகரம் தாழ்வதும் இம்முறையால் அளக்கப்பெற்றன. மெக்சிகோ நகரின் சில பகுதிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் தாழ்கின்றன என்பது இவ்வாறு அறியப்பட்ட செய்தி. காலடித் தரை தாழ்வதை, அதன்மேல் நிற்பவர்களைவிட எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அலை நுட்பமாக உணர்கின்றது.

ஜப்பான் 1992 இல் அனுப்பிய ஜே.ஈ.ஆர்.எஸ்.-1 அமேசான், நடு ஆப்பிரிக்கா, தென்கிழக்காசியா ஆகிய மூன்று மழைக்காட்டுப் பரப்புகளையும் படமெடுத்தது. சீசாட் கண்மூடிக் கடந்த நிலத்திற்கு அவ்வாறு பார்வை கிட்டியது. கனடா 1995 இல் ராடார்சாட்-1 ஐ ஏவித் தன் வடகடல் பனிப்பாளங்களிடையே கப்பலுக்கு வழிகாட்டியது.

இந்தியா இத்துறையில் அடியெடுத்து வைத்தது பாதுகாப்பை முன்னிட்டே. 2008 இல் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலுக்குப்பின், இஸ்ரேல் நாட்டு ராடாரைக் கொண்ட ரிசாட்-2 விரைந்து ஆயத்தமாகி 2009 ஏப்ரலில் ஏவப்பட்டது. இந்தியப் பொறியாளர் தாமே உருவாக்கிய ராடாரோடு ரிசாட்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2012 ஏப்ரல் 26 அன்று புறப்பட்டது; பருவமழைக் காலத்தில் நெற்பரப்பைக் கணிப்பதும் வெள்ளத்தை அளப்பதும் அதன் பணிகளாயின. மழைக்காலத்தில் விளையும் பயிரை முகில் மூடிய வானிலிருந்து காண வேறு வழியில்லை. 2025 ஜூலை 30 அன்று இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து அனுப்பிய நிசார், 12 மீட்டர் அகலம் விரியும் வலைக்குடையை ஆண்டெனாவாகக் கொண்டது. அதன் இரண்டு ராடார்களுள் நாசாவுக்குரியது ஏறத்தாழ 24 செண்டிமீட்டர் அலையில் இயங்குவது. சீசாட்டின் அலையும் அதுவே.

ஐரோப்பியரின் சென்டினல்-1ஏ 2014 ஏப்ரலிலும் சென்டினல்-1பி 2016 ஏப்ரலிலும் விண்ணேறின. இவ்விரண்டின் படங்களும் எவர் வேண்டினும் விலையின்றிப் பெறுமாறு திறந்துவிடப்பட்டன. குவில் நாற்பத்தெட்டாண்டு பூட்டிவைக்கப்பட்டதை எண்ணிப் பார்த்தால், இம்மாற்றம் கருவிகளில் நேர்ந்த எம்மாற்றத்துக்கும் குறைந்ததன்று. வெள்ளம் புகுந்த ஊரில் மீட்புப் பணியாளர் கையிலுள்ள படமும், பல்கலைக்கழக மாணவன் ஆராயும் படமும் இன்று ஒன்றே. எனினும் பழைய ஊழ் மீண்டும் ஒருமுறை தலைகாட்டியது. 2021 டிசம்பர் 23 அன்று சென்டினல்-1பி யின் ராடாருக்கு மின்னூட்டும் பகுதி பழுதாகி, அதன் பார்வை நின்றது. 2024 டிசம்பரில் சென்டினல்-1சி சென்று சேரும்வரை, உலகின் பல பகுதிகள் முன்போல் அடிக்கடி படமெடுக்கப்படவில்லை.

இத்தகைய செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவங்களின்மீது செல்லும் பாதையில் சுழல்கின்றன. அவற்றின் பாதைகள் துருவத்தருகே நெருங்கியும் நிலநடுக்கோட்டில் விலகியும் அமைவதால், முகில் மிகுந்த நிலநடுக்கோட்டு நாடுகளுக்கே அவற்றின் பார்வை அரிதாகக் கிட்டுகின்றது. சிங்கப்பூர் இதனைக் கருதியே வேறு பாதையைத் தேர்ந்தது. 2023 ஏப்ரல் 22 அன்று டெலியோஸ்-2 உம், அதே ஆண்டு ஜூலை 30 அன்று டி.எஸ்.-சார் செயற்கைக்கோளும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ஏவுகலங்களில் புறப்பட்டன. இரண்டும் ஒரு மீட்டர் நுட்பத்தில் காணும் ராடார்களைச் சுமந்தவை. நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை, 5 பாகை மட்டுமே சாய்ந்த பாதைகளில் செலுத்தப்பட்டவை. சீசாட்டின் தரைநிலையங்கள் ஐந்தும் விட்டுவிட்ட அந்த முகில்வெளியின்மீது, நாள்தோறும் பன்முறை செல்லுமாறு அவற்றின் பாதை வகுக்கப்பட்டது.